திரையில் நாற்பது டன்

டிரக் சிமுலேட்டர் என்பது கனரக லாரி ஓட்டும் வேலையைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் விளையாட்டு. இதில் பந்தயம் இல்லை, எதிரியும் இல்லை. சரக்கு ஏற்றிய டிரெய்லரை வண்டியில் கோத்துக்கொண்டு, சாலை விதிகளை மதித்து, குறித்த நேரத்துக்குள் வேறோர் ஊரில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில் இயங்கும் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2002-இல் ‘18 வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ வரிசையில் இந்த வேலையைத் தொடங்கியது. 2008-இல் ‘யூரோ டிரக் சிமுலேட்டர்’, 2012 அக்டோபரில் அதன் இரண்டாம் பாகம், 2016 பிப்ரவரியில் ‘அமெரிக்கன் டிரக் சிமுலேட்டர்’ என்று அது வளர்ந்தது. லாரி விளையாட்டு என்றால் இன்று பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டாம் பாகம்தான்.

ஒரு விளையாட்டு எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதைப் படத்தின் தெளிவைக் கொண்டு அளப்பதே வழக்கம். கண்ணாடியில் மழைத்துளி வழிவதும், மாலை வெயில் டேஷ்போர்டில் விழுவதும் அழகுதான். ஆனால் லாரியை லாரி ஆக்குவது அதன் எடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை தாண்டி ஓடும் டிரெய்லர் லாரியின் மொத்த எடைக்கு வழக்கமான வரம்பு 40 டன்; பிரிட்டனில் 44 டன்; அமெரிக்காவின் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் 80,000 பவுண்டு, அதாவது 36 டன்னுக்குச் சற்று மேல். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 40 டன் வண்டியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 10 மெகாஜூல். அதே வேகத்தில் போகும் ஒன்றரை டன் காரைப்போல இது 27 மடங்கு. ஓட்டுநர் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை 40 டன் என்ற ஓர் எண்ணிலிருந்தே கிளைக்கின்றன. விளையாட்டு மெய்யாக இருக்கிறதா என்பதும் இந்த எடையை அது எவ்வளவு நேர்மையாகக் கணக்கில் எடுக்கிறது என்பதைப் பொறுத்ததே.

முதல் விளைவு, வண்டி நகர்வதிலேயே தெரியும். 500 குதிரைத்திறன் என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும், 40 டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்குப் பன்னிரண்டரைதான் வரும். ஒரு சாதாரணச் சிறிய காருக்கே டன்னுக்கு 80 அளவில் கிடைக்கிறது. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் லாரிக்கு அத்தனை கியர்கள். பெரிய டீசல் எஞ்சின் நன்றாக இழுப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,400 சுற்றுக்குள்தான். அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே எஞ்சினை வைத்திருக்க, ஐரோப்பிய வண்டிகளில் தானே மாறும் 12 கியர்கள் இன்று பரவலாக இருக்கின்றன. அமெரிக்க வண்டிகளில் கையால் மாற்றும் 18 கியர் பெட்டியும் உண்டு. அதில் கியர்க் கம்பிக்கு 18 இடங்கள் கிடையாது. கம்பியிலுள்ள ஒரு விசை கியர்களை மேல்வரிசை, கீழ்வரிசை என்று பிரிக்கிறது. இன்னொரு விசை ஒவ்வொரு கியரையும் இரண்டு பாதியாக்குகிறது. அமெரிக்கன் டிரக் சிமுலேட்டரில் இந்த இரு விசைகளையும் தனித்தனியாக இணைத்து ஓட்டலாம். ஏற்றத்தில் வேகம் விழுந்துகொண்டிருக்கும்போது எந்த விசையை எப்போது தட்டுவது என்பது கைக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.

ஏற்றத்தின் கணக்கு எளிது. 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், உராய்வையும் கியர்ப்பெட்டி இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், 500 குதிரைத்திறன் கொண்ட 40 டன் வண்டி மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் அதிகம் போகாது. மெதுவாக ஊர்வதைத் தவிர வேறு ஆபத்து இல்லை. கவனிக்க வேண்டியது இறக்கம்.

அதே 6 சதவீத இறக்கத்தில் 40 டன் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நொடியும் அது ஒரு மீட்டர் கீழே வருகிறது. புவியீர்ப்பு அதற்குள் கொட்டும் திறன் ஏறத்தாழ 390 கிலோவாட். வண்டியின் எஞ்சின் முழு மூச்சாகத் தள்ளுவதைவிடவும் சற்று அதிகம். டயர் உருள்வதிலும் காற்று மோதுவதிலும் ஐம்பது, அறுபது கிலோவாட் கழிந்தாலும், மிச்சம் முழுவதையும் ஏதோ ஒன்று வெப்பமாக மாற்றியாக வேண்டும். சக்கரங்களிலுள்ள பிரேக்குகள் சில நொடிகளுக்கு அதைத் தாங்கும். நிமிடக்கணக்கில் தாங்கச் சொன்னால் லைனிங் பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். மிதித்தால் மிதி போகும், வண்டி நிற்காது.

கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற அமெரிக்க டீசல் எஞ்சின் முன்னோடி இதை உயிர் பிழைத்துக் கற்றுக்கொண்டார். 1931-இல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை தன் டீசல் லாரியை ஓட்டிக் காட்டிய பயணத்தில், கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் கைவிட்டது. அடிவாரத்து ரயில் கடவையில் ஒரு சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வடிவமைத்த எஞ்சின் பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வந்ததும் வெளியேற்று வால்வைத் திறந்துவிடுவதே அதன் உத்தி. அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளாமல் வெளியேறிவிடும். அழுத்தச் செலவான ஆற்றல் வண்டியின் வேகத்திலிருந்து கழிந்துவிடும். இன்றைய 13 லிட்டர் எஞ்சின்களில் சில இப்படி 300 கிலோவாட்டுக்கு மேல் தாங்கிப் பிடிக்கின்றன. ஆனால் அதற்கு எஞ்சின் 2,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும், அதாவது கியர் தாழ்ந்திருக்க வேண்டும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதன் இயற்பியல் இதுதான். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்குவது ஏன் தற்கொலைக்குச் சமம் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

நல்ல சிமுலேட்டரில் இந்தச் சங்கிலி முழுவதும் உண்டு. எஞ்சின் பிரேக்குக்குத் தனிப் பொத்தான், கியர்ப்பெட்டியோடு இணைந்து வேகத்தைத் தணிக்கும் ரிடார்டருக்குப் பல படிகள், அவற்றுக்கு மேல் கால் பிரேக். ஏர் பிரேக்கின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. லாரியின் பிரேக் இயங்குவது தொட்டியில் அடைத்த காற்றால். ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் காற்று செலவாகும். விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே இறங்கினால் கம்ப்ரசர் நிரப்புவதற்குள் அழுத்தம் விழுந்து எச்சரிக்கை விளக்கு எரியும். மேலும் விழுந்தால் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் சுருள்வில் பிரேக்குகள் தாமாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும்வரை வண்டி நகராது. நிஜ வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. மிதித்த பிறகு காற்று குழாய் வழியே கடைசிச் சக்கரம்வரை போய்ச் சேர அரை நொடி அளவு ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடிக்குள் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும்.

திருப்பத்தில் எடையோடு நீளமும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பாவில் முன்வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டர் வரை இருக்கலாம். இரண்டையும் இணைப்பது கிங்பின் என்ற ஒற்றை இரும்பு முளை. முன்வண்டி போன தடத்தில் டிரெய்லரின் சக்கரம் போகாது; எப்போதும் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமே சொல்லிவிடும். கிங்பின் 12 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கிறது, அங்கிருந்து டிரெய்லர் அச்சு 8 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றால், 144-இலிருந்து 64-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 9-க்குச் சற்றுக் குறைவு. தொடர்ந்து சுற்றினால் டிரெய்லர் சக்கரம் மூன்று மீட்டர் உள்ளே விழும். லாரியின் அகலமே 2.55 மீட்டர்தான். புதிதாக விளையாடுபவர் முதல் சந்திப்பிலேயே சிக்னல் கம்பத்தைச் சாய்ப்பது இதனால்தான். கார் ஓட்டிப் பழகிய கை, திருப்பம் வந்தவுடன் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுகிறது. லாரியில் சந்திப்பைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் ஒதுங்கி, பிறகு ஒடிக்க வேண்டும்.

வேகமாகத் திரும்பினால் கவிழும் அபாயம். கார் வழுக்கும், லாரி கவிழும். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கவிழும் வரம்பு தோராயமாகக் கிடைக்கும். ஒரு மீட்டரை இரண்டு மீட்டரால் வகுத்தால் 0.5, வில்களும் டயர்களும் நசுங்கிச் சாய்வதால் முழுச் சுமையில் அது 0.4-க்குப் பக்கத்தில் வந்துவிடும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இதன் பொருள் மணிக்கு 50 கிலோமீட்டர். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் வளைவுகளில் இந்த வேகத்தைத் தாண்டுவது மிக எளிது. திரையில் பார்ப்பவருக்கு அது மெதுவான வேகமாகவே படும். உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது, காப்பாற்ற நேரம் இருக்காது.

இவ்வகை விளையாட்டின் உச்சம் ரிவர்ஸ். இங்கே கணிதமும் கைத்திறனும் சேர்ந்து அழகாகத் தெரிகின்றன. முன்னோக்கிப் போகும்போது முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணம் தானாகவே குறையும். இழுபடும் பொருள் இழுப்பவர் பின்னால் நேராகிவிடும். பின்னோக்கிப் போகும்போது அதே சமன்பாடு தலைகீழாகிறது. கோணம் தானாகவே வளரும். கிங்பின்னிலிருந்து அச்சு 8 மீட்டர் தள்ளியிருக்கும் டிரெய்லரில், முன்வண்டி நேராகப் பின்வாங்கினால், சிறிய கோணம் ஒன்று ஒவ்வொரு ஐந்தரை மீட்டருக்கும் இரட்டிப்பாகும். இரண்டு டிகிரி விலகல் ஐந்தரை மீட்டரில் நாலு, பதினொன்றில் எட்டு, பதினாறரையில் பதினாறு. அதற்குப் பிறகு டிரெய்லர் மடங்கி முன்வண்டியின் மேல் சாயப் பார்க்கும். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிமிர்த்திவைத்துச் சாயாமல் பார்த்துக்கொள்வதும் இதுவும் ஒரே வகைச் சிக்கல். விலகலைச் சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்துச் சிறியதாகவே திருத்த வேண்டும். குட்டையான டிரெய்லர் சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதில் கோணம் இன்னும் விரைவாக இரட்டிப்பாவதால் அதுதான் கடினம். இரண்டு டிரெய்லர் கோத்த வண்டியில் இரண்டு குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்துவதுபோல ஆகிவிடுகிறது.

இத்தோடு திசைக் குழப்பம் வேறு. டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து அதைத் தொடர வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் உள்ள ஐரோப்பிய வண்டியில் இடப்பக்கமாக ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லரின் பின்மூலை கண்ணில் படும். வலப்பக்கமாக எடுத்தால் டிரெய்லரின் சுவர் மட்டுமே தெரியும், பின்மூலை மறைந்துவிடும். யூரோ டிரக் சிமுலேட்டரில் ஊர் சேர்ந்ததும், கடினமான இடத்தில் நிறுத்தினால் கூடுதல் அனுபவப் புள்ளி, எளிய இடத்தில் குறைவு, வேண்டாம் என்று தாண்டிவிட்டால் ஒன்றுமில்லை என்று தேர்வு கொடுக்கிறார்கள். 1,000 கிலோமீட்டர் ஓட்டி வந்தவர் கடைசி 30 மீட்டரில் கால்மணி நேரம் போராடுவது சகஜம்.

இவ்வளவையும் கணினி கணக்கிடும் விதம் எளிமையானது, ஆனால் உழைப்பு மிகுந்தது. நேரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் விசைகளைக் கூட்டி, அடுத்த துண்டில் வண்டி எங்கே இருக்கும் என்று நகர்த்திக்கொண்டே போகிறது. துண்டு பெரிதானால் விறைப்பான வில்லும் டயரும் கணக்கில் துள்ளி வெடித்துவிடும். ஜெர்மனியின் பிரெமன் நகரில் உருவாகும் ‘பீம்.என்.ஜி. டிரைவ்’ விளையாட்டு, வண்டியின் உடலையே முனைகளாலும் அவற்றை இணைக்கும் வளையும் தண்டுகளாலும் கட்டி, நொடிக்கு 2,000 முறை கணக்கிடுகிறது. அங்கே மோதினால் சேசிஸ் நிஜமாகவே மடங்கும். அதற்கு விலையாகச் சாலையில் மற்ற வண்டிகளை அதிகம் விட முடியாது. ஒவ்வொன்றும் கணினியைத் தின்னும். எஸ்.சி.எஸ். எதிர்த்திசையில் போனது. லாரியை வளையாத உடலாகக் கொண்டு, மிச்சமான திறனைப் போக்குவரத்துக்கும் கண்டம் முழுதும் பரந்த சாலைகளுக்கும் கொடுத்தது. சேபர் இன்டராக்டிவ் உருவாக்கி 2020-இல் வெளிவந்த ‘ஸ்னோரன்னர்’ மூன்றாவது வழி. அதில் வண்டியைவிடத் தரைதான் கதாநாயகன். சக்கரம் சேற்றை அழுத்தும், சேறு விலகிக் குழியாகும், டிஃபரன்ஷியல் லாக்கைப் போடாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், கடைசியில் வின்ச் கயிற்றை மரத்தில் கட்டித்தான் மீள வேண்டும். மூன்றும் மெய்யானவை என்றே சொல்லலாம். மெய்யின் வெவ்வேறு பகுதிகளைப் பிடித்துக்கொண்டவை.

எந்த சிமுலேட்டரும் முழுதாகக் கொடுக்காதது தூரம். ஐரோப்பாவை ஒன்றுக்கு ஒன்று அளவில் வரைந்தால் அதை ஓட்டி முடிக்க ஆயுள் போதாது. அதனால் யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ 19-இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டுள்ளன; பிரிட்டனில் 15-இல் ஒரு பங்கு. அமெரிக்கன் டிரக் சிமுலேட்டர் 35-இல் ஒரு பங்காக வெளிவந்து, ஊர்கள் நெருக்கியடிக்கின்றன என்ற குறை எழுந்ததால், 2016 இறுதியில் 20-இல் ஒரு பங்காக மறுபடி வரையப்பட்டது. கடிகாரமும் அதே விகிதத்தில் ஓடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் விளையாட்டின் கணக்கில் 19 மணி நேரமும் 1,520 கிலோமீட்டரும் ஆகியிருக்கும். ஊருக்குள் நுழைந்தால் கடிகாரம் மெதுவாகி மூன்று மடங்காகும்.

இந்தச் சுருக்கத்துக்கு எதிர்பாராத பின்விளைவு ஒன்று உண்டு. சாலையின் நீளத்தைச் சுருக்கலாம். லாரியின் நீளத்தையும் வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் சுருக்க முடியாது. ஆகவே 10 கிலோமீட்டர் மலை இறக்கம் விளையாட்டில் அரை கிலோமீட்டராகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது அரை நிமிடப் பயணம். மேலே கணக்கிட்ட பிரேக் வெப்பம் சேரவே அந்த நேரம் போதாது. கஹோன் கணவாயில் கம்மின்ஸ் பட்ட பாட்டை, எவ்வளவு நல்ல இயற்பியல் இருந்தாலும், சுருங்கிய சாலையில் ஒருவர் படவே முடியாது. மறுபக்கம், சந்திப்புகளும் பிரிவுகளும் சுங்கச்சாவடிகளும் நெருங்கி வருவதால், நிஜத்தில் அரைநாளில் சந்திக்கும் முடிவுகளை ஒருவர் அரைமணியில் சந்திக்கிறார். நிஜ வேலையின் ஆபத்து குறைகிறது, பரபரப்பு கூடுகிறது.

அதோடு அலுப்பும் காணாமல் போகிறது. உறக்கமின்மையும் ஒரே மாதிரியான சாலையும்தான் நெடுந்தூர ஓட்டுநரின் பெரும் பகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 45 நிமிட ஓய்வையும், நாளுக்கு 9 மணி நேர வரம்பையும் கட்டாயமாக்குகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் ஓட்டலாம். அமெரிக்க வரம்பு 11 மணி நேரம். விளையாட்டில் களைப்புக்கு ஓர் அளவி உண்டு. அது முடியும் நேரத்தில் ஓட்டுநர் கொட்டாவி விடுவார், திரை கண் சொருகுவதுபோல இருண்டு இருண்டு தெளியும். நல்ல கற்பனைதான், என்றாலும் விளையாடுபவரின் கண் விழித்தே இருக்கிறது. தூரத்தைச் சுருக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுவதுபோல, 1990-களின் நடுவில், பென், டெல்லர் என்ற அமெரிக்க மந்திரவாதிகள் இருவர் ‘டெசர்ட் பஸ்’ என்ற விளையாட்டைச் செய்துவைத்தார்கள். அரிசோனாவின் டூசானிலிருந்து லாஸ் வேகாஸ் வரை எட்டு மணி நேரம், அதே எட்டு மணி நேரத்தில். பேருந்து மெல்ல வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஸ்டீயரிங்கை விட்டு எழவும் முடியாது. போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி.

தூரத்துக்கு அடுத்து விடுபடுவது உடல். லாரி ஓட்டுநர் இருக்கையின் வழியாகத்தான் வண்டியை அறிகிறார். பிரேக் பிடித்தால் உடல் முன்னே சாய்கிறது, வளைவில் இடுப்பு ஒதுங்குகிறது, உட்காது அந்த முடுக்கத்தை மூளைக்குச் சொல்கிறது. திரைக்கு முன் நாற்காலியில் இருப்பவருக்கு இந்தச் செய்தி எதுவும் வராது. கவிழும் வரம்பை நெருங்குவதை அவர் வேகமானியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேகமும் கண்ணை ஏமாற்றும். பக்கவாட்டுப் பார்வையில் தரை ஓடுவதைக் கொண்டே மூளை வேகத்தை மதிப்பிடுகிறது. ஒற்றைத் திரையில் அந்தப் பக்கவாட்டு இல்லை. லாரியில் கண் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருப்பதால் நிஜத்திலேயே வேகம் குறைவாகத் தோன்றும். திரை அந்த ஏமாற்றத்தை இரட்டிப்பாக்குகிறது. மூன்று திரைகளும் தலையின் அசைவைப் பின்தொடரும் கருவிகளும் இதற்காகவே. கையில் எதிர்விசை தரும் ஸ்டீயரிங் ஓரளவு ஈடு செய்யும். வீட்டில் பரவலாக உள்ள ஸ்டீயரிங்குகள் 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்றுதான் திரும்பும். நிஜ லாரியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நாலு சுற்றுக்கும் மேல். காது மட்டுமே இழப்பில்லாமல் தப்புகிறது. எஞ்சின் முனகலைக் கேட்டுக் கியர் மாற்றுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எவ்வளவு மெய் வேண்டும் என்பதை விளையாடுபவரிடமே விட்டிருப்பது இவ்வகையின் நல்ல குணம். டிரெய்லரின் நிலைத்தன்மை, பிரேக்கின் கடுமை, வில்லின் விறைப்பு ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கலாம். வெளியாகும்போது இவை இளகலான அளவில்தான் இருக்கும். அவற்றை ஏற்றிவைத்து, வேகத்தை 90 கிலோமீட்டரில் கட்டி ஓட்டினால்தான் எடை கைக்குத் தெரியும். ரசிகர்கள் தாமே செய்து சேர்க்கும் மாற்றங்கள் இன்னொரு உலகம். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் கைப்பேசிக்குச் செய்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வில் வண்டியின் உருவையும் வண்ணத்தையும் மாற்றலாம் என்பதால், தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் ஜாவாத் தீவின் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தொழில்முறைப் பயிற்சியில் இவற்றின் பெரிய அண்ணன்கள் இருக்கிறார்கள். ஆறு தண்டுகளால் தாங்கப்பட்ட மேடையில் முழு கேபினையும் ஏற்றி, பிரேக் பிடித்தால் மேடையை முன்னே சாய்த்து, புவியீர்ப்பையே முடுக்கமாக நம்பவைக்கும் கருவிகள் அவை. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் வகுத்த ஓட்டுநர் தகுதி நெறிமுறை, 280 மணி நேரத் தொடக்கப் பயிற்சியில் குறைந்தது 20 மணி நேரம் ஒவ்வொருவரும் தனியாக வண்டி ஓட்ட வேண்டும் என்கிறது. அந்த இருபதில் அதிகபட்சம் எட்டு மணி நேரத்தைத் தனிப் பயிற்சித் திடலிலோ உயர்தர சிமுலேட்டரிலோ கழிக்கலாம். பனியில் வழுக்குவதையும் டயர் வெடிப்பதையும் யாருக்கும் காயமின்றிப் பழக அந்த எட்டு மணி நேரம் இடம் தருகிறது. மிச்சப் பன்னிரண்டு மணி நேரம் சாலையில், நிஜ வண்டியில்தான்.